தாய்மாமன் பெயர் இல்லாமல் திறக்காத பக்கம்

மக்கா,

நீ ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போன பிறகு இரண்டு தடவை போனில் பேசினோம். இரண்டு தடவையும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் தடவையும் அப்படி நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியில் "அம்மா, மீட்டிங் வந்துட்டு" என்பாய். உன் கல்யாணத்துக்காக நீ கட்டிக்கொண்டிருக்கும் இணையப் பக்கம் இன்னும் வெளியே வரவில்லை. துபாயிலிருந்து உன் அக்காள் தினமும் கேட்கிறாள். சுசீந்திரத்தில் தெப்பக்குளக் கரையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "பத்திரிகை போன்ல வரும்னாங்களே, வரல்லியே" என்கிறார்கள். வேலை நடக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறேன். என்ன வேலை நடக்கிறது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் தம்பி பெயரைப் போட்டால்தான் அந்தப் பக்கம் திறக்கும் என்கிறாய் நீ. போடமாட்டேன் என்கிறேன் நான். நடுவில் ஒரு கல்யாணம் நின்றுகொண்டிருக்கிறது.

நான் சந்தேகக்காரி என்பது ஊரறிந்த விஷயம். உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன மறுநாளே, அவர் வேலை பார்ப்பதாகச் சொன்ன ரப்பர் தோட்டத்து ஆபீசுக்கு ஆள் அனுப்பி விசாரிக்க வைத்தவள் நான். நீ பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பரிசு வாங்கி ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாயே, நினைவிருக்கிறதா? வாயால் சிரித்துக்கொண்டே, அடியில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தேன். உன் பெயர்தான் இருந்தது. ஆனால் அதற்குள் உன் முகம் சுருங்கிப் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, ஓய்வு பெறும் வரை அரசாங்க ஆபீசில் பில் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவள். கையெழுத்து இருக்கிறதா, தேதி பொருந்துகிறதா, முத்திரை சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தி கத்தரிக்காய் வாங்கும்போதும் போகாது, பிள்ளை வளர்க்கும்போதும் போகாது.

அதனால் போன வாரம் நீ லாப்டாப்பைச் சாப்பாட்டு மேசைமேல் திறந்து வைத்தபோது நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். முதலில் வட்டக்கோட்டையில் எடுத்த படங்களைக் காட்டினாய். ஸ்ரீஜாவின் முடி காற்றில் பறக்கிறது, நீ எங்கேயோ கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் இத்தனை நெருக்கமாக நிற்க வேண்டுமா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். பிறகு நிச்சயத்துக்கு ஒரு பக்கம், கல்யாணத்துக்கு ஒரு பக்கம், மறுவீட்டுக்கு ஒரு பக்கம், குழித்துறையிலுள்ள பெண் வீட்டுக்கு வழி காட்ட ஒரு பக்கம் என்று புரட்டிக்கொண்டே போனாய். இதை யாராவது உள்ளே புகுந்து மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"புகுந்து மாத்த முடியாதும்மா. எல்லாம் முன்னாலயே கெட்டி வச்ச பக்கம். யாரு வந்து கேட்டாலும் அதையே எடுத்துக் குடுக்கும். அவ்வளவுதான்."

"அப்பம் முகூர்த்த நேரம் மாறிச்சுன்னா?"

"நான் இங்க மாத்திட்டு, மொத்தத்தையும் திரும்பக் கெட்டணும்."

பந்திக்கு முன்னால் ஆக்கி இறக்கி வைத்த சாப்பாடு மாதிரி, யார் வந்து உட்கார்ந்தாலும் அதே கறி என்றேன். அதேதான் என்று துள்ளினாய். அப்புறம் நீ எழுதும் மொழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். அதன் பெயர் என் வாயில் நிற்கவில்லை. அதில் எல்லாமே சின்னச் சின்னக் கணக்குகள்தான், ஒரே சாமானைப் போட்டால் எப்போதும் ஒரே பலன்தான் வரும், இடையில் ரகசியமாக எதையும் மாற்றாது என்றாய். நம் வீட்டில் ஒரே காயைப் போட்டு ஒரு நாளும் ஒரே அவியல் வந்ததில்லை. அதோடு, ரகசியமாக எதுவும் செய்யமாட்டேன் என்று யார் சொன்னாலும் எனக்குக் காது விடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வகை உண்டு, நேரம் இருக்க வேண்டிய இடத்தில் நேரம்தான் இருக்க வேண்டும், ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஆள்தான், தப்பாக இருந்தால் பக்கத்தைக் கட்டவே கட்டாது என்றும் சொன்னாய். சரி, பார்த்துவிடலாம் என்று முகூர்த்த நேரத்துக்குப் பதிலாகப் பூதப்பாண்டி என்று ஊர்ப் பெயரை எழுதச் சொன்னேன். சிவப்பாக நாலு வரி இங்கிலீஷில் வந்து நின்றது. மறுவீட்டு நாளைக் கல்யாணத்துக்கு முன்னால் போடச் சொன்னேன். அதற்கும் சிவப்பு. ஸ்ரீஜாவின் அப்பா பெயரை அழிக்கச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதைப் பிடித்துப் போய்விட்டது. என் மேசையில் என்னைப் போலவே ஒருத்தியை உட்கார வைத்த மாதிரி இருந்தது. ஆபீசில் என்னை எல்லோரும் முசுடு என்பார்கள். இந்த முசுடை நீ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறாயே, அம்மாவை ஒரு நாளாவது இப்படிப் பாராட்டியிருக்கிறாயா என்றுகூடக் கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்ததென்று அப்போதே பட்டது. சந்தோஷமான நேரத்தில் என் புத்தி ஏன் இப்படிப் போகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த இடம். நம் வீட்டார் பெயர்களை எல்லாம் எழுதி முடித்து, கட்டுவதற்கான பொத்தானைத் தட்டினாய். மறுபடியும் சிவப்பு வந்தது. "தாய்மாமன் பெயர் வேண்டும். அம்மாவோடு கூடப்பிறந்தவராக இருக்க வேண்டும்." அதை நீயே உரக்க வாசித்தாய். அடுக்களையில் பப்படம் காய்ச்சிக்கொண்டிருந்த உன் அப்பா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அந்த இடத்தைச் சும்மா விடு" என்றேன்.

"சும்மா விட்டா கெட்டாதும்மா."

"ஒரு புள்ளி வை."

"புள்ளி ஆளு இல்லியே."

"என் சித்தப்பா மகன் பேரைப் போடு. அவனும் எனக்கு அண்ணன்தான். உன் அக்காளுக்கு அவன்தானே மாலை போட்டான்?"

நீ அதையும் எழுதிக் காட்டினாய். சித்தப்பா மகன் என்று வேறு வகையில் இருக்கிறார், அதனால் ஏற்காது என்றாய். நம் பக்கத்தில் சித்தப்பா மகன் அண்ணன் இல்லையென்று யார் சொன்னார்கள்? எந்தக் கல்யாணத்தில் சொன்னார்கள்? நான் கத்தினேன். நீ இரண்டு கையையும் விரித்து, "நான் என்ன செய்யம்மா? இது விடமாட்டேங்கு" என்றாய். உன் அப்பா உள்ளேயிருந்து, "ஏட்டி, சவத்த விடு. பேருதானே கேக்கு, போட்டுட்டுப் போயேன்" என்றார். நான் எழுந்து போய்விட்டேன். அச்சடிக்கிற பத்திரிகைக்கும் வாசகம் இதிலிருந்துதான் போக வேண்டும் என்று நீ பின்னால் நின்று சொன்னது காதில் விழுந்தது.

உன் அக்காள் கல்யாணத்தில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி உன்னிடம் சொல்லியிருப்பார்கள். என் வாயால் நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். மண்டபத்தில் தருகிற மாலை முந்தின நாள் கட்டி ஐஸில் வைத்தது, என் மருமகள் கழுத்தில் அது விழக்கூடாது, நானே தோவாளைக்குப் போய்ப் புதுப் பூவில் கட்டி வாங்கி வருகிறேன் என்று உன் மாமன் விடியும்போதே கிளம்பினான். பெரிய முகூர்த்த நாள். ஊரிலுள்ள எல்லாக் கல்யாணத்துக்கும் அங்கேதான் மாலை கட்டுகிறார்கள். நேரம் நெருங்கிவிட்டது, அவனைக் காணவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாட்சைப் பார்க்கிறார்கள். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வந்தால்தான் பெண் மணவறைக்கு வர முடியும். பக்கத்தில் நின்ற சித்தப்பா மகனிடம் மண்டபத்து மாலையை எடுத்துக் கொடுத்தேன். அவன் போட்டான். மாலை உன் அக்காள் தோளில் விழுந்து அவள் நிமிர்வதற்குள் உன் மாமன் வாசலில் வந்து நின்றான். சட்டை முழுக்க வியர்வை, கையில் வாழையிலையில் பொதிந்த மாலை. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். பிறகு நான் மணவறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் அந்தப் பொதியை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு இலையில் கை வைக்காமல் போய்விட்டான். நம் வீட்டு விசேஷத்தில் சாப்பிடாமல் போன முதல் ஆள் என் கூடப்பிறந்தவன். மறுநாள் போன் செய்தான். "நேரமாச்சுன்னா போன்ல ஒரு விளி விளிக்கப்படாதா?" என்றான். "முகூர்த்தம் உனக்காக நிக்குமாலே?" என்றேன். அதற்கப்புறம் அவனும் இங்கே வரவில்லை, நானும் அவன் வீடு இருக்கும் பூதப்பாண்டிப் பக்கம் போகவில்லை. என்மேல் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நேரம் தவறியிருந்தால் அந்தப் பழி என் மகள் தலையில் விழுந்திருக்கும். ஆனால் அவன் குரலில் இருந்தது கோபம் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டுதான் அப்படிப் பேசினேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊருக்குப் போன பிறகு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. முகூர்த்த நேரத்தில் ஊர்ப் பெயரை எழுதியபோது சிவப்பு வரி இங்கிலீஷில் வந்தது. நாளைத் தப்பாகப் போட்டபோதும் இங்கிலீஷ். சம்பந்தி பெயரை அழித்தபோதும் இங்கிலீஷ். என் தம்பி விஷயத்தில் மட்டும் அந்த இயந்திரத்துக்கு எப்படித் தமிழ் வந்தது? எந்த நாட்டிலோ யாரோ செய்த மொழி. தாய்மாமன் என்றால் யார், கூடப்பிறந்தவன் வேறு சித்தப்பா மகன் வேறு என்பதெல்லாம் அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? இத்தனை வருஷம் பில் பார்த்தவளிடம் ஒரே தாளில் இரண்டு கையெழுத்தைக் காட்டினால் கண்டுபிடிக்க மாட்டாளா, மக்கா?

ஸ்ரீஜா புடவைக்கு ரவிக்கை அளவு கேட்டுப் போன் செய்தாள். அளவைச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, இந்தப் பக்கம் கட்டுகிற வேலையெல்லாம் உனக்கும் தெரியுமா பிள்ளே என்று கேட்டேன். தெரியும் என்றாள். ஒரு பெயர் இல்லையென்றால் அது திறக்கவே திறக்காதாமே, ரொம்பக் கண்டிப்பான மொழியோ என்றேன். நான் பிடுங்குகிறேன் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

"இல்ல அத்தே, அந்த விதியை அவருதான் எழுதினதாக்கும். இருந்தாலும் சரி, இல்லேங்கிலும் சரின்னு ஒரு வாக்கு மாத்தினா போரும், சுகமா ஓடும்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கும். "அத்தே, நான் அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டாள். அவளைத் திட்டாதே. உண்மையை மறைக்கத் தெரியாத பெண் நம் வீட்டுக்கு வருகிறாள் என்று நான் அதற்கப்புறம் நிம்மதியாக ஒரு காப்பி குடித்தேன். நீ எங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கப் போகிறாய், அது வேறு விஷயம்.

ஆனால் உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பெயரைக் கேட்டதற்காக வந்த கோபமில்லை அது. "நான் என்ன செய்யம்மா, இது விடமாட்டேங்கு" என்று கையை விரித்தாயே, அந்தக் கையைப் பிடித்து ஒரு அடி போட வேண்டும் போலிருந்தது. அந்தக் குரல் எனக்குப் பழகிய குரல். எங்கள் ஆபீசில் ஒரு மேலதிகாரி இருந்தார். தனக்குப் பிடிக்காதவன் லீவு கேட்டால், "எனக்குக் குடுக்க ஆசைதான், விதி இடம் தரலியே" என்பார். பிடித்தவன் கேட்டால் அதே விதி வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். விதிப் புத்தகத்தை முன்னால் பிடித்துக்கொண்டால் பின்னாலிருக்கும் முகம் தெரியாது. நானும் சில சமயம் அந்தப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறேன். அதனால்தான் நீ பிடித்ததும் கண்டுகொண்டேன். ஒரு சந்தேகக்காரியை ஏமாற்ற அவளைப் போலவே ஒரு சந்தேகக்காரியைச் செய்து மேசைமேல் வைத்திருக்கிறாய். புத்திசாலிதான். யார் வயிற்றில் பிறந்தாய் என்பது தெரிகிறது.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா சொல்ல வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஸ்ரீஜாவிடம் உனக்கு ஒன்று வேண்டுமென்றால், எனக்கு வேண்டும் என்று சொல். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல். ஆபீஸ் விடவில்லை, அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, கம்ப்யூட்டர் கேட்கவில்லை என்று அவளிடம் போய் நிற்காதே. சண்டை வரும், வரட்டும். உன் அப்பா இத்தனை காலமாக என்னோடு சண்டைக்குப் பயந்து, எல்லாவற்றுக்கும் "சவத்த விடு" என்று சொல்லியே கழித்துவிட்டார். பாதி நேரம் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்திலேயே நான் அவரைப் பிடுங்கி எடுத்திருக்கிறேன். வாயைத் திறந்து "அம்மா, என் கல்யாணத்துக்கு மாமா வரணும், மாமா கையால மாலை போடணும்" என்று நீ சொல்லியிருக்கலாம். நான் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன், அது நிச்சயம். ஆனால் எறிந்த கரண்டியை நானேதானே போய் எடுக்க வேண்டும்?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நேற்றுக் காலையில் உன் அப்பா, கல்யாணத்துக்கு வாழைக்குலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பூதப்பாண்டிக்குப் போனார். குலை வாங்க வடசேரிச் சந்தை இருக்கிறது, தெரிந்த கடைக்காரன் இருக்கிறான். அதை விட்டு அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? குலை ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார். வந்தவர் என்னைப் பார்க்காமல், "கேட்டியா, அவனுக்குச் சர்க்கரை கூடிப் போச்சு. கண்ணாடி மாத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையா இது, தனித்தனியாகச் செய்ததா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடும்.

என் தம்பிக்குச் சர்க்கரை வரும் வயதாகிவிட்டது. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவனுக்குப் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட வேண்டும், இரண்டாவது தடவையும் ஊற்றச் சொல்லுவான். இனிமேல் யார் ஊற்றுவார்கள்? நேற்றுச் சாயங்காலம் அதை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த விதியை மாற்று. தாய்மாமன் பெயர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று எழுது. ஸ்ரீஜா சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். எழுதிவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தைக் கட்டி எனக்கு அனுப்பு. பெயர் இல்லாமலே எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது என்று நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். நீ சொன்னால் நம்பமாட்டேன். பக்கத்து வீட்டுப் போனிலும் திறந்து பார்ப்பேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று காட்டுவதற்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அதைப் பார்த்த பிறகு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்துக்கொண்டு பூதப்பாண்டிக்குப் போவேன். உன் அப்பா வேண்டாம், நான் மட்டும் போவேன். கதவைத் திறந்ததும் அவன், இப்பம் என்ன வந்துட்டு என்று கேட்பான், கேட்காமல் இருக்கமாட்டான். அவனும் நான் பிறந்த வீட்டில் பிறந்த சந்தேகக்காரன்தான். பெயர் இல்லாமல் கம்ப்யூட்டர் விடவில்லை, அதனால் வந்தேன் என்று நான் அவனிடம் சொன்னால், அவன் கதவைச் சாத்தினாலும் அது நியாயம்தான். உன் பெயர் இல்லாமலே எல்லாம் நடக்கும்லே, பத்திரிகை திறக்கும், கல்யாணமும் முடியும், இருந்தும் நான் வந்திருக்கேன் என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே அதை இன்றைக்கே உண்மையாக்கி வை.

அம்மா